ஆறு பேரும் சாகவே மாட்டார்கள்: ஸ்டால் டீமிடம் மாட்டிய அனுபவம்

போகிமான் ஷோடவுனில் (போகிமான் சண்டையை இணையத்தில் ஆடுகிற இலவசத் தளம்) ஆடுகிற யாராக இருந்தாலும் என்றாவது ஒரு நாள் ஸ்டால் டீமிடம் மாட்டுவார்கள். நான் மாட்டியது லேடரில் (தளத்தின் தரவரிசை ஆட்டம்) அல்ல, காசு கட்டி ஆடிய போட்டியில். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு யாராவது நாலு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருந்தால் நுழைவுக் கட்டணம், அரை நாள் சம்பளம், அதற்குப் பிறகு ஒரு டெலிகிராம் ஆசாமிக்குக் கொடுத்த பணம் எல்லாம் கையில் நின்றிருக்கும்.

ஸ்டால் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண டீமில் ஆறு போகிமானில் மூன்று நான்காவது அடிக்கிற வகையாக இருக்கும். ஸ்டால் டீமில் ஆறும் தாங்குகிற வகை. அடி வாங்கும், ரிகவர் என்கிற மூவைப் போட்டு இழந்த உயிரைத் தேற்றிக்கொள்ளும், அடுத்ததை மாற்றி விடும், அதுவும் அடி வாங்கும், ரிகவர் போடும். நம்மை விஷமும் ஸ்பைக்ஸும் (உள்ளே வருகிறவற்றைக் குத்தத் தரையில் போடும் முட்கள்) கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். எங்கள் வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. அந்த வரிசையில் அடி இல்லாத டீம் என்று இதையும் சேர்த்துக்கொள்ளலாம். (கோயிலுக்கு 1981லேயே சாமி திரும்பி வந்துவிட்டார். பாலாறுதான் இன்னும் அப்படியே கிடக்கிறது.)

போட்டி நடந்தது சத்துவாச்சாரி பக்கம் ஒரு மாடி அறையில். கேமிங் சென்டர் மாதிரி ஒரு இடம், பெயர் வேண்டாம். நுழைவுக் கட்டணம் 200 ரூபாய். ஒன்பதாம் தலைமுறை ஓயூ (போகிமான் கேம்களின் ஒன்பதாம் வரிசையில் அதிகம் பயன்படும் போகிமான்கள் மோதும் பிரிவு), ஆறுக்கு ஆறு, தோற்றால் வெளியே. நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் டிஸ்பாட்ச் பிரிவில் இருக்கிறேன், மறுநாள் காலை ஷிஃப்ட். எட்டு மணிக்குள் முடிந்துவிடும் என்று நம்பித்தான் போனேன். முதல் சுற்று கால் மணி நேரத்தில் முடிந்தது. இரண்டாவது சுற்றில் எதிரே வந்து உட்கார்ந்தவன் கல்லூரியில் படிக்கிற ஒரு பையன், "ஹாய்ண்ணா" என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தான். டீம் ப்ரிவ்யூ வந்தது, அவனுடைய ஆறும் தெரிந்தன. டொண்டோஸோ, ப்ளிஸி, டாக்ஸாபெக்ஸ், கார்விநைட், க்ளாட்சையர், க்ளைஸ்கார். பின்னால் நின்ற என் நண்பன் காதில் சொன்னான், "மச்சி, இன்னிக்கு வூட்டுக்குப் போன மாதிரிதான்."

என் டீம் முழுக்க அடிதடி. டிராகனைட் ட்ராகன் டான்ஸ் போடும், கிங்காம்பிட் ஸ்வார்ட்ஸ் டான்ஸ் போடும் (இரண்டும் தன் பலத்தை ஏற்றிக்கொள்கிற மூவ்கள்), கூட அயர்ன் வேலியன்ட், கிரேட் டஸ்க் என்று எல்லாமே வேகமாக வந்து வேகமாக முடிக்கிற ஆட்கள். லேடரில் இதை வைத்து நன்றாகவே ஏறிக்கொண்டிருந்தேன். டிராகனைட்டை இறக்கி இரண்டு முறை ஆட விட்டேன், தாக்குதலும் வேகமும் ஏறிவிட்டது, இனி ஒவ்வொன்றாக விழும் என்று எர்த்க்வேக் போட்டேன். டொண்டோஸோ உள்ளே வந்தது. ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது, அவ்வளவுதான். இரண்டு முறை ஏற்றிய பிறகும் ஐந்தில் ஒன்று! அதன் அன்அவேர் திறன் நாம் ஏற்றிக்கொண்ட எதையும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. கேள்விப்பட்டிருந்தேன், ஆனால் எதிரே உட்கார்ந்து அனுபவிக்கும்போது வருகிற எரிச்சல் வேறு.

சரி, அடித்துக்கொண்டே இருந்தால் குறையும்தானே என்று அடித்தேன். குறைந்தது. கால்வாசிக்கு வந்ததும் ரெஸ்ட் போட்டுத் தூங்கிவிட்டது, பச்சைக் கோடு மறுபடி முழுசாக நின்றது. தூங்குகிறதல்லவா, இரண்டு டர்ன் சும்மா கிடைத்தது என்று கிங்காம்பிட்டை இறக்கி ஸ்வார்ட்ஸ் டான்ஸ் போட்டேன். டொண்டோஸோ என்கிற அந்த மீன், தூங்கும்போதும் மூவ் போட வைக்கிற ஸ்லீப் டாக் போட்டது. தூக்கத்திலேயே பாடி ப்ரஸ் வந்தது. கிங்காம்பிட் டார்க்கும் ஸ்டீலும் கலந்தது, சண்டை வகை அடி நாலு மடங்கு இறங்கும். ஒரே அடி, போயே போய்விட்டது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அதற்கு அப்புறம் நடந்ததை டர்ன் டர்னாகச் சொல்ல எனக்கும் பொறுமை இல்லை, உங்களுக்கும் இருக்காது. வேலியன்ட்டை வைத்து ப்ளிஸியை க்ளோஸ் காம்பாட்டில் அடிக்கப் போனால் டாக்ஸாபெக்ஸ் வரும். டாக்ஸாபெக்ஸை அடித்துக் குறைத்தால் அது வெளியே போகிற போக்கில் ரீஜெனரேட்டர் திறனால் உயிரில் மூன்றில் ஒரு பங்கு ஏற்றிக்கொண்டு போகும். நடுவில் க்ளைஸ்கார் ஸ்பைக்ஸ் போட்டுவிட்டுப் போகும். நான் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் என் ஆட்கள் ரத்தம் சிந்திக்கொண்டே உள்ளே வந்தார்கள். மற்ற மேட்ச் எல்லாம் முடிந்து, எல்லோரும் எங்கள் இருவரையும் சுற்றி நின்று கொட்டாவி விட்டார்கள். நடத்தினவர் இரண்டு முறை வந்து "இன்னும் எவ்ளோ நேரம்பா?" என்று கேட்டார், என்னமோ என் கையில் இருப்பது போல. நூறு டர்னைத் தாண்டியபோது எனக்கு ஜெயிக்கவேண்டும் என்கிற எண்ணமே போய்விட்டது, முடிந்தால் போதும் என்று கண்டபடி அமுக்க ஆரம்பித்தேன். அந்தப் பையன் மட்டும் ஆரம்பத்தில் இருந்த அதே முகத்தோடு இருந்தான். கடைசியில் தோற்றபோது அவனிடம் ஐந்து போகிமான் உயிரோடு இருந்தன. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீடு வந்து சேர்ந்து படுத்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது, காலையில் ஷிஃப்டுக்குப் போக முடியவில்லை, அரை நாள் பிடித்துவிட்டார்கள்.

அடுத்த வாரமே டெலிகிராமில் ஒருவர் "ஸ்டாலை அடிக்கும் உத்தரவாத டீம்" என்று விற்றுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கோபத்தில் இருந்தேன், 500 ரூபாய் அனுப்பினேன். வந்த டீமை இம்போர்ட் செய்து பார்த்தால், போட்டி ஆட்டத்துக்கு விதி வகுக்கிற ஸ்மோகன் தளத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிற மாதிரி டீம்களில் ஒன்று, ஒரு மூவ் கூட மாற்றவில்லை. திருப்பிக் கேட்டேன், பிளாக் செய்துவிட்டார். யாரிடமும் காசு கொடுத்து டீம் வாங்காதீர்கள். ஷோடவுன் இலவசம், மாதிரி டீம்கள் இலவசம், டேமேஜ் கால்குலேட்டர் இலவசம், பெரிய ஆட்டக்காரர்களின் ரீப்ளேக்கள் இலவசம். இதில் விற்க ஒன்றுமே இல்லை.

அப்புறம் ரீப்ளேக்களைப் பார்க்க உட்கார்ந்தேன். என் மேட்சை மட்டும் அல்ல, ஸ்டால் தோற்ற மேட்ச்களாகத் தேடித் தேடிப் பார்த்தேன். எனக்குப் புரிந்தது இதுதான்: ஸ்டாலை யாரும் பலத்தால் அடித்து உடைப்பதில்லை. அது ஆற அமர உடம்பைத் தேற்றிக்கொள்ள நாலைந்து வழி வைத்திருக்கிறது, ஜெயிப்பவர்கள் அந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைக்கிறார்கள். ஒன்றை மட்டும் அடைத்தால் பிரயோசனம் இல்லை, அடுத்த வழியில் போய்விடும்.

முதல் வழி ரிகவர், சாஃப்ட்-பாயில்டு, ரூஸ்ட் வகையறா. இதற்கு டான்ட் இருக்கிறது. மூன்று டர்னுக்கு எதிராளியால் அடிக்கிற மூவைத் தவிர வேறெதுவும் போட முடியாது. டாக்ஸாபெக்ஸால் நாம் ஏற்றிய பலத்தை அழிக்கிற ஹேஸ் போட முடியாது, ப்ளிஸியால் தேற்றிக்கொள்ள முடியாது. ஆனால் டான்ட் போட்டவுடன் எதிராளி மாற்றிவிடுவான், அதுதான் சிக்கல். அதனால் எனக்குப் பிடித்தது ஹீட்ரான். மேக்மா ஸ்டார்ம் பட்டுவிட்டால் நாலைந்து டர்னுக்கு எதிரே இருப்பது வெளியே போகமுடியாது, ஒவ்வொரு டர்ன் முடிவிலும் எட்டில் ஒரு பங்கு கரையும். மாட்டியபின் டான்ட் போட்டால் அங்கேயே நின்று சாகவேண்டியதுதான். ஹீட்ரான் ஸ்டீல் என்பதால் டாக்ஸிக் விஷமும் ஏறாது. டாக்ஸாபெக்ஸ் மாட்டினால் எர்த் பவர் என்கிற தரை வகை அடி. ஒரே குறை, மேக்மா ஸ்டார்ம் 75 சதவீதம்தான் படும். நாலில் ஒன்று தவறும், அதுவும் மிக முக்கியமான நேரத்தில் தவறும்போது போனைத் தூக்கி எறியலாம் போல இருக்கும். எறியாதீர்கள். டொண்டோஸோவின் தண்ணீரும் க்ளைஸ்காரின் எர்த்க்வேக்கும்தான் ஹீட்ரானுக்கு எமன். டெரா (ஆட்டத்தின் நடுவே வகையை மாற்றிக்கொள்வது) கிராஸ் வைத்தால் இரண்டையும் பாதியாகத் தாங்கும், ஆனால் அப்போது ஸ்டீல் போய்விடுவதால் விஷம் ஏறும். எது முக்கியம் என்று அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளவேண்டியதுதான்.

இரண்டாவது வழி, அவர்கள் மாற்றி மாற்றி இறக்குவது. இதை ஓசியில் செய்ய விடக்கூடாது. மூன்று அடுக்கு ஸ்பைக்ஸ் கீழே இருந்தால் தரையில் கால் படுகிற ஒவ்வொன்றும் உள்ளே வரும்போதே கால் பங்கை இழக்கும். ஆனால் இன்றைய ஸ்டால் டீமில் பாதிப் பேர் ஹெவி-டியூட்டி பூட்ஸ் மாட்டிக்கொண்டுதான் வருகிறார்கள், ஸ்பைக்ஸ் ஒன்றும் செய்யாது. (தினமும் பூட்ஸ் பெட்டிகளைப் பார்க்கிற எனக்கு ராத்திரியும் அதுவே தொல்லை.) அதனால் வரிசை முக்கியம். முதலில் நாக் ஆஃப் போட்டு பூட்ஸைக் கழற்றவேண்டும், அப்புறம்தான் ஸ்பைக்ஸ். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ஸ்பைக்ஸ் வேலைக்காகாது என்கிறார்கள். க்ளைஸ்காருக்கு மட்டும் இது வேறு: அது டாக்ஸிக் ஆர்பை வைத்துத் தனக்குத்தானே விஷம் ஏற்றிக்கொண்டு, பாய்சன் ஹீலால் டர்னுக்கு எட்டில் ஒரு பங்கு தேறும். விஷம் ஏறியபின் ஆர்பைத் தட்டி விட்டுப் பயனில்லை. முதல்முறை உள்ளே வருகிற அந்த டர்னிலேயே தட்டினால்தான் உண்டு.

போட்ட ஸ்பைக்ஸை எதிராளி டிஃபாக் போட்டுத் துடைப்பான். அங்கேதான் கோல்டெங்கோ. அதன் குட் ஆஸ் கோல்டு திறன் இருக்கும்வரை டிஃபாக் அதன் மேல் செல்லாது, பேய் வகை என்பதால் ஸ்பைக்ஸைத் துடைக்கிற இன்னொரு மூவான ராபிட் ஸ்பின்னும் படாது. கார்விநைட் வருகிற நேரத்தில் கோல்டெங்கோ நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். இன்னொரு வேடிக்கை, கோல்டெங்கோவுக்கு சாய்ஸ் ஸ்கார்ஃப் கொடுத்து ட்ரிக் மூவ் வைத்தால் ப்ளிஸியின் பூட்ஸ் நம்மிடம் வந்துவிடும், ஸ்கார்ஃப் அதன் கழுத்தில் விழும். அப்புறம் அது ஒரு மூவைப் போட்டால் வெளியே போய்த் திரும்பும்வரை அதையேதான் போடமுடியும். சாஃப்ட்-பாயில்டில் பூட்டிக்கொண்ட ப்ளிஸியைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

அன்அவேரைப் பற்றியும் ஒன்று. அது நாம் ஆட்டத்தில் ஏற்றிக்கொண்ட நிலைகளை மட்டும்தான் கண்டுகொள்ளாது. சாய்ஸ் பேண்ட், லைஃப் ஆர்ப் போன்ற பொருள்களால் வரும் பலம் முழுசாக இறங்கும். கிங்காம்பிட்டின் சுப்ரீம் ஓவர்லார்டு, அதாவது கூட்டாளிகள் செத்தால் ஏறுகிற பலம், அதுவும் இறங்கும். எதிராளியின் திறனை மதிக்காத மோல்ட் ப்ரேக்கர் உள்ள எக்ஸ்கட்ரில் மாதிரி ஒன்று ஸ்வார்ட்ஸ் டான்ஸ் போட்டால் அன்அவேர் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஆகவே டான்ஸ் போடுகிற டீமே கூடாது என்று இல்லை, டான்ஸை மட்டும் நம்பக்கூடாது.

நான் பெரிதாகக் கவனிக்காமல் விட்டிருந்தது பிபி கணக்கு, அதாவது ஒரு மூவை எத்தனை முறை போடலாம் என்பது. ஒன்பதாம் தலைமுறையில் ரிகவர், ரூஸ்ட், சாஃப்ட்-பாயில்டு, ரெஸ்ட் எல்லாவற்றின் பிபியும் 10லிருந்து 5 ஆகிவிட்டது, அதிகபட்சம் ஏற்றினாலும் 8தான். முன்பு 16. இது ஸ்டாலுக்கு விழுந்த பெரிய அடி. எட்டு முறை தேற்றிக்கொண்டால் அப்புறம் அந்தப் போகிமான் வெறும் பொம்மை. ஷோடவுனில் எதிராளியின் போகிமான் மேல் விரலை வைத்து அழுத்தினால் இதுவரை போட்ட மூவும் மிச்ச பிபியும் தெரியும். எனக்கு அது போதாமல் டிஸ்பாட்ச் சிலிப்புகளின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் குறித்துக்கொள்கிறேன், டாக்ஸாபெக்ஸ் ரிகவர் ஐந்து, ப்ளிஸி நாலு என்று. குறிக்க ஆரம்பித்தபின் அந்த நீளமான மேட்ச்கள் அறுவையாகத் தெரியவில்லை, ஒவ்வொரு ரிகவரும் ஒரு கோடு. ஒரே எச்சரிக்கை, கார்விநைட்டின் ப்ரஷர் திறன் நம் பிபியை இரண்டு இரண்டாகக் குறைக்கும். அதன் முன்னால் நின்று நல்ல மூவை வீணாக்கக்கூடாது.

ப்ரிவ்யூவில் ஸ்டால் என்று தெரிந்தவுடன் உங்கள் ஆறில் எது இதை உடைக்கும் என்று முடிவு செய்துவிடுங்கள், அதை முதல் பத்து டர்னில் ஆபத்துக்கு அனுப்பாதீர்கள். அதேபோல நாலு பேரை ஸ்டாலுக்காகவே வைத்துக்கொள்ளவும் வேண்டாம். நான் ஒரு கட்டத்தில் அப்படிச் செய்து, லேடரில் சாதாரண அடிதடி டீம்களிடம் வரிசையாக உதை வாங்கினேன். ஸ்டால் எப்போதாவதுதான் வரும். இரண்டு கருவி போதும்.

மேட்சுக்கு வெளியே சில விஷயங்கள். டைமர் பட்டனை முதல் டர்னிலேயே அமுக்கிவிடுங்கள், இதில் கூச்சம் வேண்டாம். சார்ஜரைக் கையில் வைத்திருங்கள், எங்கள் பக்கம் சித்திரை வெயிலில் கரண்டு எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பசியோடு உட்காராதீர்கள். காசு கட்டுகிற போட்டியாக இருந்தால் கட்டுவதற்கு முன்னாலேயே கேளுங்கள்: ஒரு மேட்சுக்கு எவ்வளவு நேரம், நேரம் முடிந்தால் யார் ஜெயித்ததாக எடுத்துக்கொள்வீர்கள்? இதற்குப் பதில் இல்லாத இடத்தில் 200 ரூபாய் கட்டுவதைவிட அந்தக் காசுக்கு பிரியாணி சாப்பிடலாம்.

ஸ்டால் ஆடுவது நியாயமா என்ற சண்டை எங்கள் குழுவில் நாள் கணக்கில் ஓடியது. தடை செய்யவேண்டும் என்றார்கள் பாதிப் பேர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உண்மையிலேயே ஆட்டத்தைக் கெடுத்தவற்றை ஸ்மோகன்காரர்கள் ஏற்கெனவே தடுத்திருக்கிறார்கள். ஐந்தாம் தலைமுறையில் ஒரு ஸ்லோப்ரோ, பிபியை நிரப்புகிற லெப்பா பெர்ரியை ரீசைக்கிள் போட்டுத் திரும்பத் திரும்பத் தின்று, எதிராளியை பிளாக் போட்டுக் கட்டி வைத்து, அதன் உயிரை ஹீல் பல்ஸால் வேறு ஏற்றிவிட்டு, மேட்ச் முடியவே முடியாதபடி செய்தது. அதன் பிறகுதான் முடிவில்லாத மேட்சைத் தடுக்கும் விதியே வந்தது. ஏழாம் தலைமுறையில் எதிராளியை வெளியே போக விடாத டக்ட்ரியோவின் ஏரீனா ட்ராப் திறன் தடை செய்யப்பட்டது, ஸ்டாலை உடைக்க வருகிறவற்றையே அது பிடித்து வைத்துக் கொன்றுகொண்டிருந்தது. அவை பதில் சொல்லமுடியாதவை. ஆறு பேரையும் தாங்குகிறவர்களாக வைப்பதற்குப் பதில் இருக்கிறது, மேலே எழுதியதெல்லாம் அதுதான். என்னிடம் அந்தப் பதில் அன்று இல்லை என்பதற்காக அவனைத் தடை செய்வது எந்த ஊர் நியாயம்?

அந்தப் பையனோடு பிற்பாடு ஷோடவுனில் நேரடியாக மோதினேன், அவனே கூப்பிட்டான். கிரேட் டஸ்க் முதலில் ப்ளிஸியின் பூட்ஸைக் கழற்றியது. டிங்-லூ ஸ்பைக்ஸ் போட்டது. டாக்ஸாபெக்ஸ் ஹீட்ரானிடம் மாட்டியது, மேக்மா ஸ்டார்ம் முதல் தடவையே பட்டது, டான்ட், எர்த் பவர், எர்த் பவர். அது விழுந்ததும் சாட்டில் எழுதினான், "இன்னாண்ணா, டியூஷன் போனியா?" மேட்ச் அப்போதும் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஓடியது, ஜெயித்தேன். மறுவாரமே அவன் ஸ்டாலை விட்டுவிட்டு பெலிப்பரை வைத்து மழை டீம் கட்டிக்கொண்டு வந்தான், இறங்கின டர்னிலேயே ஹீட்ரான் தண்ணீரில் போய்ச் சேர்ந்தது. இப்போது அந்த மழைக்கு என்ன வைப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.